தலைவருக்கு மட்டும் ஒரு குரூப்

தம்போயிலிருந்து ஜேபி நகருக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள், இருவர் கழுத்திலும் ஆபீஸ் அட்டை. இளையவள் சொன்னாள்:

“கோயில் தலைவர் கையைக் கட்டிப் போட்டுட்டேன்கா. நேத்துதான் நிம்மதியாத் தூங்குனேன்.”

“அலமாக்! அப்படி என்ன பண்ணாரு?”

“கோயில் வெப்சைட்டும் பள்ளிக்கூடப் பெற்றோர் சங்க வெப்சைட்டும் ஒரே சர்வர்ல இருக்கு. நான்தான் பாத்துக்கிறேன். ‘நம்ம கோயில் இடத்துல இவங்களுக்கு என்ன வேலை’ன்னு சங்கத்து ஃபோல்டரை மொத்தமா அழிச்சிட்டாரு.”

“அவரால எப்படி அழிக்க முடிஞ்சிச்சு?”

“முன்ன பாத்துக்கிட்டவங்க, சர்வர்ல எல்லாரையும் ஒரே குரூப்ல போட்டு, யாரு வேணும்னாலும் எதையும் மாத்தலாம்னு விட்டுட்டாங்க. நல்லவேளை, பேக்கப் இருந்துச்சு. எல்லாம் திரும்பி வந்துருச்சு.”

பஸ் நெரிசலில் நின்றது. எனக்கு அவசரமில்லை.

“இப்ப?”

“கோயிலுக்கு ஒரு குரூப், சங்கத்துக்கு ஒரு குரூப். அவங்கவங்க ஃபோல்டரை அவங்கவங்கதான் தொட முடியும். தலைவருக்குத் தனியா ஒரு குரூப்.”

“அதுல அவரு என்ன பண்ணலாம்?”

“எல்லாத்தையும் பாக்கலாம். ஒன்னையும் மாத்த முடியாது.”

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “கோவிச்சுக்கலையா?”

“கோவமா? தனி குரூப்புன்னதும் ஒரே சந்தோஷம் லா. காலையிலேயே போன் பண்ணி, ‘நம்ம கோயில் செயலாளரை மட்டும் அதுல சேத்துடாதேம்மா’ன்னு கேட்டுக்கிட்டாரு.”