தெரியவில்லை என்று சொல்லாத கருவி

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, ஐயா. முதுகைத் தாங்கிப் பிடிக்கிறது. வீட்டில் நான் உட்காருகிற நாற்காலிக்கு ஒரு கை உடைந்து, துணி சுற்றி வைத்திருக்கிறேன். புதிதாக ஒன்று வாங்கச் சொல்லி என் மனைவி நச்சரிக்காத நாளில்லை. வாங்கலாம்தான். கடைக்குப் போக ஒரு மத்தியானம் வேண்டும், அந்த மத்தியானம்தான் எனக்குக் கிடைத்ததே இல்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கட்டி மேய்க்கிற நிரல் ஒன்று உண்டு. கர்னல் என்பார்கள். அது விழுந்தால் கணினியே விழுந்துவிடும். விழுகிற நொடியில், நினைவகத்தில் இருந்ததையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுத்தான் சாகும். அந்தக் கோப்பைத் திறந்து, யாரால் விழுந்தது, எங்கே விழுந்தது என்று சொல்கிற கருவி என்னுடையது. பிரேதப் பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்களேன். எத்தனையோ கம்பெனிகள் அதை நம்பிப் பிழைக்கின்றன. நன்றி சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. திட்டு மட்டும் தவறாமல் வந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், கர்னல் ஒரு நிலையில் நிற்காது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதியது வரும். வரும்போதெல்லாம் உள்ளே இருப்பதை இஷ்டத்துக்கு இடம் மாற்றியிருப்பார்கள். சமையலறையில் மேல் தட்டில் கையை விட்டால் உப்பு கிடைக்கும் என்று பழகியிருக்கிறோம். யாரோ ஒருவர் அங்கே சர்க்கரையை வைத்துவிட்டுப் போனால் எப்படி? என் கருவி பார்க்காமல், அளவை வைத்துக் கையை விடுகிற ரகம். எது எங்கே போயிற்று என்று தேடித் தேடி அளவைத் திருத்த வேண்டும். திருத்திவிட்டு நிமிர்ந்தால் அடுத்தது வாசலில் நிற்கும். என் தலை நரைத்ததே இதில்தான்.

ஒரு ஒழுக்கம் வைத்திருந்தேன். கையில் எடுத்தது உப்பா சர்க்கரையா என்று சந்தேகம் வந்தால், கருவி 'தெரியவில்லை' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லக் கூடாது. இந்தத் தொழிலில் அதற்கு மேல் தர்மம் எதுவும் கிடையாது.

என் தங்கைக்கும் இதே தொழில். வீட்டில் வாலு என்று கூப்பிடுவோம், அத்தனை துறுதுறுப்பு. பெற்றவர்கள் போன பிறகு என்னோடுதான் இருந்தாள். அடுத்த அறையில் உட்கார்ந்து பாதி வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாள். அவள் இருந்த வருடங்களில்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். பிறகு மருத்துவமனைச் சாதனங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது.

"செத்த மெஷினையே பாத்துப் பாத்து அலுத்துப்போச்சுண்ணா," என்றாள். "உயிரோட ஓடுற ஏதாவது ஒண்ணு பண்ணணும் போல இருக்கு."

போய் வா என்றேன். மனதார வாழ்த்தித்தான் அனுப்பினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

அவள் போன கொஞ்ச நாளில் ஒரு புதிய கர்னல் வந்தது. அடி முதல் நுனி வரை புரட்டிப் போட்டிருந்தார்கள். என் கருவி தொட்டதற்கெல்லாம் தெரியவில்லை, தெரியவில்லை என்று நின்றது. திட்டுக் கடிதங்கள் குவிந்தன. ஒருவன் 'கிழவனை வீட்டுக்கு அனுப்புங்கள்' என்றே எழுதியிருந்தான். நான் வீட்டில்தான் இருந்தேன். அப்போதுதான், சந்தேகம் வந்தால் நிற்கச் சொல்கிற அந்த வரியை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி. அதற்குப் பிறகு கருவி எங்கேயும் நிற்கவில்லை, கைக்கு எது கிடைத்ததோ அதை எடுத்துக் காட்டியது.

சோதித்தபோது ஒன்றைக் கவனித்தேன். சாதனங்களை ஓட்டுகிற துணை நிரல்களை டிரைவர் என்பார்கள். கணினி எதனால் விழுந்திருந்தாலும், கடைசியாக நினைவகத்தில் ஏறிய டிரைவர்தான் குற்றவாளி என்று கருவி சொல்லிக்கொண்டிருந்தது. திருத்த அரை நாள் வேலை. முந்தின வாரம்தான் வாலு போனில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள்: "எங்க மெஷின்ல கடைசியா ஏறுறது என் டிரைவர்தான்ணா. எல்லாரும் வந்து உக்காந்த பிறகுதான் வரும், கல்யாணப் பொண்ணு மாதிரி."

வெளியிடும்போது அது நினைவுக்கு வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. இருந்தாலும் வெளியிட்டேன். களைப்பாக இருந்தது.

அவள் கம்பெனியின் சாதனம் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆபத்தான நோயாளிகளின் மூச்சையும் இதயத் துடிப்பையும் கவனித்து, ஏதாவது தவறினால் நர்ஸைக் கூப்பிடும். அது ஒரு மருத்துவமனையில் விழுந்தது. சில நிமிடங்களில் தானே எழுந்துகொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது கொட்டிய கோப்பைக் கம்பெனிக்காரர்கள் என் கருவியில் போட்டுப் பார்த்தார்கள். அது அவளைக் கைகாட்டியது. மறுபடி விழுந்தது, மறுபடியும் அவளையே காட்டியது.

கோப்பை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். முகம் வாடிப்போயிருந்தது.

"என் கோட்ல தப்பு இல்லண்ணா. வரி வரியா பாத்துட்டேன். நீ ஒரு தடவை பாரு. நீ சொன்னா ஒத்துக்கறேன்."

வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். கருவி இல்லாமல், நானே கையால் பிரித்துப் பார்த்தேன். தவறு கர்னலில்தான் இருந்தது. அதற்கான திருத்தமும் ஏற்கெனவே வெளிவந்திருந்தது, எடுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அவள் எழுதியதில் ஒரு குறையும் இல்லை. அழகாக எழுதியிருந்தாள். சாயங்காலம் போன் செய்தேன்.

"பாத்தேன் வாலு. உன்னோடதுதான்."



"சரிண்ணா. நீ பாத்தா சரியாத்தான் இருக்கும்."

என் கணக்கு சாதாரணமானது. அவளை வேலையிலிருந்து எடுப்பார்கள், அவள் வீட்டுக்குத் திரும்பி வருவாள், நானும் நாலு நாள் படுத்துத் தூங்குவேன். பிறகு கம்பெனிக்கு அந்தத் திருத்தத்தைப் பற்றி மெல்லச் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். சொன்னால், முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதனால் சொல்லவில்லை.

ஆனால் அவளை உடனே எடுக்கவில்லை. அவள் தன் நிரலைக் கலைத்துப் புதிதாக எழுதிக் கொடுத்தாள். சரியாகிவிட்டது என்று நம்பி எல்லா மருத்துவமனைகளிலும் போட்டார்கள். சாதனம் இன்னொரு தடவை விழுந்தது. அந்தச் சில நிமிடங்களில் இரண்டு பேருக்கு மூச்சு நின்றிருக்கிறது, நர்ஸைக் கூப்பிட ஆளில்லை. ஒருவர் லாரி ஓட்டுகிறவர். இன்னொருவர் பள்ளி ஆசிரியை. அவருடைய மகள் அறைக்கு வெளியே பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தாளாம். செய்தித்தாளில் படித்தபோது எனக்கும் மனது கஷ்டமாகத்தான் இருந்தது.

வேலை போய், வாலு ஒரு பையோடு திரும்பி வந்தாள். இப்போது அவளை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, கூப்பிட வாய் வருவதில்லை. ஒரு நாள் என் மனைவி சமையலறையில் என்னை நிறுத்திவைத்துப் பேசினாள்.

"ரெண்டு பேரக் கொன்னுட்டேன் அண்ணின்னு சொல்லிச் சொல்லி அழறா. சோறு இறங்க மாட்டேங்குது அவளுக்கு. நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாதா?"

பேசினேன். வேலையில் மூழ்கினால் மனது ஆறிவிடும் என்றேன். அவளும் மூழ்கிவிட்டாள். முன்னைவிட நன்றாகவே செய்கிறாள். எதையும் பத்துத் தடவை சரிபார்க்காமல் விடுவதில்லை. கருவி இத்தனை சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை. அந்தப் பழைய வரியை அடுத்த பதிப்பில் நானே திருப்பி வைத்துவிட்டேன், மற்றதையும் திருத்திவிட்டேன். அரை நாள்கூட ஆகவில்லை.

இந்த வழக்கில் நீங்கள் என்னை நிபுணர் என்று கூப்பிட்டிருக்கிறீர்கள். கருவி சொன்னது சரிதான் என்று நான் கையெழுத்துப் போட்டால் அவள் ஜெயிலுக்குப் போவாள். கூடப் பிறந்தவளை அனுப்ப எந்த அண்ணனுக்கு மனசு வரும்? அதனால்தான் நானாகவே சொல்கிறேன். அவள் கொடுத்த கோப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. விவரம் தெரிந்த யாரை வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். கருவி பொய் சொன்னது எனக்குத் தெரியும். நானும் பொய் சொன்னேன். அந்த இரண்டு பேரும் என்னால் செத்தார்கள். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவளை விட்டுவிடுங்கள். பாசம் என்று ஒன்று இருக்கிறதல்லவா.

ஒரே ஒரு வேண்டுகோள், ஐயா. நேற்றுப் புதிய கர்னல் வந்திருக்கிறது. இந்த முறை நிறைய இடம் மாற்றியிருக்கிறார்கள். அவள் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறாள், முடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை இதை அவளிடம் சொல்லாதீர்கள். இத்தனை நாள் தாங்கியவள் இன்னும் கொஞ்ச நாள் தாங்கிக்கொள்வாள். தெரிந்தால் எழுந்து போய்விடுவாள்.