உடன் வருபவருக்கு நுழைவு இலவசம்

ராமசுப்ரமணியன் சாருக்கு,

நேற்று நீங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் போட்டுக் கொடுத்த டீயில் சீனி கூடிப்போய்விட்டது. மரியாதைக்குக் குடித்து முடித்தீர்கள். எனக்கு அடுப்படி வேலை பழக்கமில்லை. மூன்று மாதமாகத்தான் செய்கிறேன், மருமகள் ஷைனா ஊரில் மாட்டிக்கொண்டதிலிருந்து.

நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அங்கிள், அந்த லிஸ்ட்ல ஷைனா பேரும் போட்டோவும் எப்படி வந்திருக்கும்? உங்களுக்கு ஏதாவது ஐடியா இருக்கா?" நான் சீலிங்கைப் பார்த்தேன். "நமக்கு இந்தக் கம்ப்யூட்டர் சங்கதி ஒண்ணும் பிடிபடாது சார்" என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தப் பெயரைப் பதிவு செய்தது யார் என்று வெள்ளிக்கிழமைக்குள் விசா அலுவலகத்துக்கு எழுத்தில் காட்டாவிட்டால் ஷைனா இனி இந்த நாட்டுக்குள் வரவே முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்தீர்கள். ஆறு வயதுப் பேத்தி ரெனிஷா உங்கள் ஷூவை எடுத்து நேராக வைத்தாள்.

நீங்கள் அவ்வளவு சீக்கிரம் நம்பியது எனக்குப் பிடிக்கவில்லை. வக்கீல் என்றால் கொஞ்சமாவது சந்தேகப்பட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற கிழவன், கைலி, கண்புரை ஆபரேஷன் செய்த கண், இவன் என்ன செய்திருக்கப்போகிறான் என்று நினைத்திருப்பீர்கள். நானாக இருந்தால் முதலில் கிழவனைத்தான் பிடித்திருப்பேன்.

நான் நாகர்கோவில் வடசேரி பஸ் நிலையத்தில் முப்பது வருடம் ஆள் பிடித்தவன். சென்னை, பெங்களூர் என்று கூவி, பெட்டியோடு நிற்கிறவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தனியார் பஸ்ஸில் ஏற்றிவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். பன்னிரண்டு பேரை ஏற்றிவிட்டால் ஒன்பது என்பான் முதலாளி. பஸ் போன பிறகு யாரை எண்ணிக் காட்டுவது? மனிதனை நம்பாத குணம் எனக்கு அங்கே வந்தது. அது கெட்ட குணம் என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

ஹூஸ்டனில் நர்ஸாக இருக்கும் மகள் ஜெயலீலாதான் எனக்குக் கிரீன் கார்டு வாங்கிக் கொடுத்தாள். உங்களுக்கு ஃபீஸ் கட்டுவதும் அவள்தான். தம்பி பெண்டாட்டி மேல் அவளுக்கு இருக்கிற நம்பிக்கை, தம்பி பெனிஷுக்கே இல்லாமல் போய்விட்டது. அதற்கும் நான்தான் காரணம். அந்தக் கதைக்கு வருகிறேன்.

மகன் பெனிஷ் இருக்கும் இந்தப் பிளெய்ன்ஸ்பரோ அபார்ட்மென்டில் பகலில் கிழவர்களும் குழந்தைகளும்தான் இருப்போம். குளத்தைச் சுற்றி நடக்கும்போது சேனாபதி சார் பழக்கமானார். பெரம்பூர்க்காரர், மகன் வீட்டுக்கு வந்தவர், கம்ப்யூட்டர் தெரிந்தவர். அவர்தான் அந்தத் தொழிலைச் சொன்னார். இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறக்க வேண்டும். ஆபாசப் படக் கம்பெனிகளில் எது நல்லது, எது மோசம் என்று அதில் எழுத வேண்டும். படிக்கிறவன் அங்கேயே தட்டி உள்ளே போய்ச் சந்தா கட்டினால் நமக்குக் கமிஷன். அஃபிலியேட் என்று பெயர். கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. வடசேரி வேலைதான். கூவத் தேவையில்லை, வெயில் இல்லை.

படம் எடுக்கிறவர்கள் வேறு யாரோ. நாங்கள் வாசல் வரை கொண்டுவிடுகிறவர்கள். முடி வெட்டக்கூட மகனிடம் கை நீட்ட வேண்டிய வயதில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. சபைக்குக் காணிக்கையும் அதிலிருந்து போட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன வருடம் தொடக்கத்தில் ஒரு கம்பெனியிலிருந்து கமிஷன் குறைய ஆரம்பித்தது. வடசேரிக் கதைதான், பன்னிரண்டை ஒன்பது என்கிறான். ஏப்ரலில் அட்லாண்டிக் சிட்டியில் ஒரு ஹோட்டலில் இந்தத் தொழில்காரர்கள் எல்லாம் கூடுகிறார்கள், அந்தக் கம்பெனிக்காரனும் வருகிறான், நேரில் பிடித்துக் கேட்கலாம் என்றார் சேனாபதி. முந்தைய வருடங்களில் அஃபிலியேட்களுக்கு அனுமதி இலவசமாம். இப்போது ஆளுக்கு நானூறு டாலர்.

"நானூறா? பஸ் மொதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போனா எனக்கு எலை போட்டுச் சோறு வெச்சான் சார். வாசல்ல டிக்கெட் கேக்கல" என்றேன்.

"அது கல்யாணம், இது யாவாரம் சுந்தர்சிங் சார். ஓசில வுட்டா வேடிக்க பாக்குறவன்தான் ரொம்பிடுவான். காசு குட்த்து வந்தாதான் இவன் தொழில் பண்றவன்னு உக்காந்து பேசுவான்."

"நாம ஆள் அனுப்பலன்னா அவன் கடையில ஈ ஓட்டணும். அவன்லா நமக்கு வண்டிக்கூலி தரணும்."

"அப்போ வராதீங்க. இங்கயே கொளத்தாண்ட குந்திக்கினு, எவனோ திருடறான் எவனோ திருடறான்னு வாத்துங்ககிட்ட சொல்லிக்கினு இருங்க."

அவர் தன் டிக்கெட்டுக்குக் கட்டிவிட்டார். நான் கட்டவில்லை. எனக்கு நானூறு டாலர் இல்லாமல் இல்லை. கமிஷன் ஆள் முதலாளியின் வாசலில் காசு கொடுத்து உள்ளே போவது என்பது எனக்கு ஆகாது. முப்பது வருடம் அப்படி இருந்துவிட்டேன்.

ஆனால் போகவும் வேண்டும். அதனால் அந்தத் தொழில் கண்காட்சியின் இன்டர்நெட் பக்கத்தைப் போனில் தமிழாக்கி, மெதுவாக முழுவதும் படித்தேன். கீழே சின்ன எழுத்தில் இருந்தது. நடிகைகளுக்கும் மாடல்களுக்கும் நுழைவு இலவசம். உடன் வரும் மேலாளர் ஒருவருக்கும் இலவசம். பாஸ்போர்ட் நகல் ஒன்று, முகப்படம் ஒன்று அனுப்ப வேண்டும்.

ஷைனாவின் பாஸ்போர்ட் நகல் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்தது, விசா நீட்டிக்க எடுத்தது. படத்துக்கு, ஈஸ்டருக்குச் சபையில் எடுத்ததைப் போட்டேன். சந்தன நிறச் சேலை, தலையில் முக்காடு. அதில் மோசமாக ஒன்றும் இல்லை என்று நன்றாகப் பார்த்துத்தான் போட்டேன். ஒரு விரலால் தட்டி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அப்போது அவள் பக்கத்து அறையில் பார்மசி லைசென்ஸ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் வந்து, "மாமா, காப்பி போடட்டா?" என்று கேட்டாள். போடு என்றேன்.

வேறு எந்தப் பெண் பெயராவது போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யோசித்தேன். ஊரான் வீட்டுப் பெண்ணின் பெயரை அப்படி ஓர் இடத்தில் போடுவது தப்பு. நம் வீட்டுப் பெண் என்றால் நமக்குள் போய்விடும் என்று நினைத்தேன்.

கண்காட்சிக்குச் சேனாபதி சாரோடு பஸ்ஸில் போனேன். கடல் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னேன். வாசலில் ஒரு பெண் என் கழுத்தில் அட்டையை மாட்டிவிட்டு, உங்கள் மாடல் எங்கே என்று கேட்டாள். டுமாரோ என்றேன். மறுநாளும் டுமாரோ என்றேன். சேனாபதி அட்டையைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், மேனேஜரா? யாருக்கு?" என்று சிரித்தார். "எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். கம்பெனிக்காரனைக் கண்டுபிடித்தோம். சின்னப் பையன், சேனாபதிக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசினான். அடுத்த மாதம் கமிஷன் சரியாக வந்தது. நேரில் போனால் பலன் உண்டு என்பதில் சேனாபதி சொன்னது உண்மை. அதை நான் மறைக்கவில்லை.

ஷைனாவின் பெயரும் படமும் அந்தக் கண்காட்சிப் பக்கத்தில் புதுமுகங்கள் என்ற லிஸ்டில் அப்படியே கிடந்தது எனக்குத் தெரியாது. பிறகு ஒரு நாள் தெரிந்தது. எடுக்கச் சொல்லி எழுதினால் யார், எவர் என்று கேள்வி வரும். விட்டுவிட்டேன்.

ஜனவரியில் ஷைனா தன் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனாள். விசா முத்திரைக்குச் சென்னையில் நிற்கும்போது அதிகாரி அந்தப் படத்தைக் காட்டியிருக்கிறார். வேலை செய்ய அனுமதி இல்லாத விசாவில் இருந்துகொண்டு இந்த வேலை செய்தாயா என்று கேட்டிருக்கிறார். வேறு யாரோ என்று முதலில் சிரித்தாளாம். பிறகுதான் சேலையைப் பார்த்திருக்கிறாள்.

அன்று அவள் போன் செய்தபோது பெனிஷ் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரில் போட்டான். நான் ரெனிஷாவுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். "அந்த சேலை என்னோடதுதான் பெனிஷ். அத தவிர எனக்கு ஒண்ணுமே தெரியாது. சத்தியமா தெரியாது" என்று அழுதாள். பெனிஷ் போனை வைத்தான். பிறகு என்னைக் கேட்டான்.

"அப்பா, நான் ஆபீஸ் போன பிறகு அவ பகல்ல என்ன பண்ணுவா?"

"ரூம் கதவச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர்ல இருப்பா மக்களே" என்றேன்.

"டெய்லியா?"

"ஆமா. எங்கிட்ட ஒண்ணும் சொல்லமாட்டா. நானும் கேக்கதில்ல."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை சார். கதவைச் சாத்திக்கொண்டுதான் படிப்பாள், நான் டிவியைச் சத்தமாக வைப்பதால். பரீட்சை என்ற ஒரு சொல்லை மட்டும் நான் சொல்லவில்லை. சொல்வதற்கு வாய் திறந்தேன். சொல்லியிருந்தால், அப்படியானால் யார் என்று அடுத்த கேள்வி வரும். வீட்டில் பகலில் இருக்கும் இன்னொரு ஆள் நான்தான். ஆரஞ்சில் விதை இருந்தது, அதை எடுத்தேன்.

அதன் பிறகு பெனிஷ் அவள் போனை எடுப்பதில்லை. ஒரு நாள் எனக்குத் தனியாகக் கூப்பிட்டாள். "மாமா, நீங்க சொன்னா அவங்க கேப்பாங்க மாமா. நான் பகல் பூரா எக்ஸாமுக்குத்தானே படிச்சேன், உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். "தெரியும் மக்களே, சொல்லுகேன்" என்றேன். ஜெபம் பண்ணுங்கள் மாமா என்றாள். போனிலேயே ஜெபித்தேன். உண்மை வெளிவரட்டும் ஆண்டவரே என்று ஜெபித்தேன். எனக்குக் கண்ணீர் வந்தது. அது நடிப்பில்லை. பெனிஷிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

குழந்தை அம்மாவின் தலையணை உறையை மாற்றவிடமாட்டேன் என்கிறாள். தினமும், "தாத்தா, வென் இஸ் அம்மா கமிங்?" என்கிறாள். கல்யாணம் இன்னும் முடியவில்லை என்கிறேன். போன வாரம், "ஹவ் லாங் இஸ் எ வெட்டிங்?" என்று கேட்டாள். 

ஆகவே எழுதித் தருகிறேன். ஷைனாவின் பாஸ்போர்ட் நகலை எடுத்ததும், அவள் படத்தை அனுப்பியதும், அவள் பெயரில் பதிவு செய்ததும் நான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அந்த ஹோட்டல் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. தெரிந்தே என் மகனிடம் அவளைக் காட்டிக்கொடுத்ததும் நான்தான். நானூறு டாலர் கட்ட மனமில்லாமல் செய்தேன், பிறகு பயத்தில் அந்தத் தப்பை வளர்த்தேன். எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் சரி.

அஃபிலியேட் காசு கட்டிப் போக வேண்டுமா என்று இனி யார் கேட்டாலும், கட்டித்தான் போக வேண்டும் என்பேன். நான் திருந்தினேனா என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம், அதனால் இதையும் சொல்கிறேன். இந்த வருடக் கண்காட்சி நாளை தொடங்குகிறது. இந்த முறை யார் பெயரையும் நான் எடுக்கவில்லை. நானூற்றைம்பது ஆக்கியிருக்கிறார்கள். என் சொந்தப் பெயரில், என் சொந்தப் பணத்தில், முழுவதும் கட்டிவிட்டேன்.

தபாலை நான் நம்புவதில்லை. சனிக்கிழமை காலை திரும்பியதும் முதல் வேலையாக ஐசலினில் உங்கள் ஆபீசுக்கு வந்து இதைக் கையில் தருகிறேன். கெடு வெள்ளிக்கிழமை மாலை என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஒரு நாள்தானே, நீங்கள் பேசினால் பொறுத்துக்கொள்வார்கள். இன்றே கொண்டுவந்து கொடுக்கலாம் என்று சட்டைகூடப் போட்டேன். ஆனால் விஷயம் தெரிந்தால் பெனிஷ் என்னை அட்லாண்டிக் சிட்டிக்கு விடமாட்டான். கட்டிய பணத்தை அவர்கள் திருப்பித் தரவும் மாட்டார்களாம்.

இப்படிக்கு,
சுந்தர்சிங்