ஒரு போனுக்கு ஒரு கோடு

– எம்.பி. எலினோர் ஸ்டாப்ஸ் ஆபீஸ், வாஷிங்டன். சொல்லுங்க.

– எப்பவும் டானாதானே எடுப்பா?

– சாப்பிடப் போயிருக்கா. எந்த ஊரு?

– ஆர்கன்ஸால பெல் க்ரீக். நாளைக்கு ஓட்டெடுப்பாமே... வர்ற ராக்கெட்டை நடுவானத்துலயே அடிக்கிற ஏவுகணை, அதுக்கு இஸ்ரேலுக்கு நம்ம சர்க்கார் பணம் குடுக்கிறது...

– ஆமா. வேணுமா, வேண்டாமா? சொன்னா அந்தப் பக்கம் ஒரு கோடு போட்டுக்குவேன்.

– அவ்வளவுதானா? முடி வெட்டுற கடையில கூட இன்னும் கொஞ்சம் பேச விடுவான்.

– பேசுங்க, பேசுங்க.

– வேணும். அதோட உறையை இங்கதான் செய்யறாங்க. பணம் வரலேன்னா ரெண்டாவது ஷிஃப்ட்டை மூடிருவாங்க. என் மக அதுல வெல்டிங் பண்றா.

– சரி, வேணும்னு...

– இருங்க மேடம்! அது மகளுக்கு. என்னைக் கேட்டா வேண்டாம்.

– ஏன் சார்?

– இஸ்ரேல் பிள்ளைங்க நிம்மதியா தூங்கட்டும், அதுல எனக்கு வழக்கில்ல. ஆனா இங்க ஆஸ்பத்திரியைக் காசில்லைன்னு மூடிட்டாங்களே. என் சம்சாரத்துக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் லிட்டில் ராக் வரைக்கும் ஓடணும்.

– வால்நட் தெரு ஆஸ்பத்திரியா?

– வாஷிங்டன்ல இருக்கிற உங்களுக்கு வால்நட் தெரு எப்படித் தெரியும்?

– ...மேப்புல பார்த்தேன்.

– நல்ல மேப்.

– சார், ஒரு போனுக்கு ஒரு கோடுதான்.

– அதானே சிக்கல். வேலை போனா கம்பெனி குடுக்கிற இன்சூரன்ஸும் போயிரும். அப்புறம் லிட்டில் ராக் போய் மட்டும் என்ன பண்ண?

– மகளோட இன்சூரன்ஸ்ல அம்மாவைச் சேர்த்துக்க மாட்டாங்களே...

– ...நீங்க கோட்டைப் போடுங்க மேடம்.

– எந்தப் பக்கம்?

– நீங்களா இருந்தா?

– தெரியல சார். டானாவை நான்தான் அனுப்பிட்டேன். காலையிலேர்ந்து நானே போன் எடுக்கிறேன்... யாராவது எனக்கும் சேர்த்து முடிவு பண்ணிக் குடுத்துர மாட்டாங்களான்னு. நான்தான் எலினோர்.

– நீ வாயைத் திறந்தப்பவே தெரியும்மா. லோக்கல் ரேடியோல கேட்காத குரலா? தெரியாத மாதிரி மேடம்னு சொன்னாத்தான் நீ மேடைப்பேச்சு இல்லாம பேசுவேன்னு விட்டுட்டேன்... எனக்கு மகளே கிடையாது. வெல்டிங் பண்றது நான்தான். ரெண்டு கோடும் என்னோடது. ரெண்டையும் போட்டுக்க... நாளைக்கு ஓட்டெடுப்புல உனக்கும் அமுக்க ஒரு பட்டன்தானே.