இரண்டு கையிலும் கடிகாரம்

திருவிடைமருதூரில் பஸ் ஏறி, கும்பகோணம் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டுப் பெரியவர் நடையை எண்ணும் கடிகாரத்தை இரண்டு கையிலும் கட்டியிருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். சரியாக் காட்டுதாண்ணே?"

"அச்சுப் பிசகாம காட்டுது தம்பி. நடை, தூக்கம் எல்லாம் துபாய்ல இருக்குற பொண்ணு போனுக்கே போயிடும்."

"எதுக்கு ரெண்டு?"

"இது அவ அம்மாவோடது. பம்புசெட்டுல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சிருச்சு. படுத்த படுக்கைதான். பொண்ணுகிட்ட சொல்லல, வேலைய விட்டுட்டு ஓடியாந்துரும். அவ நடையையும் நானே வரப்புல நடக்குறேன்."

"ராத்திரிக்கு அண்ணி கையில கட்டிவிடலாமே?"

"வலியில அவ கண்ணே மூடுறதில்ல. அது காட்டிக் குடுத்துரும். ராத்திரியும் நான்தான் ரெண்டையும் கட்டிக்கிறேன்."

"அப்புறம் என்னண்ணே, பயமில்ல."

பெரியவர் இரண்டு கடிகாரத்தையும் மணிக்கட்டில் சரிசெய்துகொண்டார்.

"நேத்து போன்ல அழுவுது தம்பி. 'ஏம்ப்பா, வீட்டுல நீங்க ரெண்டு பேருமே தூங்குறதில்லையா'ன்னு."