சன்னலம்மாவுக்கு, சாட்சிக் கையெழுத்திட்ட அறுவர் எழுதுவது

நடுங்கும் நெஞ்சங்களின் நற்றுணையே! பதறும் பிள்ளைகளின் பற்றுக்கோடே! இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் ஓட்டப் பயிற்சிக் கழகத்தின் பொருள் அறையைப் பொறுப்புடன் காத்து, பிள்ளைகள் வாயாரச் "சன்னலம்மா" என்றழைக்க வாழ்ந்த அம்மையே! வணக்கம்.

உங்கள் காலந்தவறாமை, கடமையுணர்வு, கனிந்த முகம் ஆகிய மூன்றையும், நீங்கள் பணி ஓய்வு பெறும் இன்று வாசிக்கும் இம்மடலில் பாராட்ட வேண்டும் என்று மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகத்தினர் கேட்டார்கள். மூன்றும் உண்மை. இந்த ஒரே வரியோடு அவற்றை முடித்துக்கொள்கிறோம். வயிறு எரிகிறபோது இனிக்க இனிக்கப் பேச எங்களுக்கு வரவில்லை.

பொருள் அறைச் சன்னல் வழியே காலணியும் நாடாவும் எடுத்துக் கொடுப்பது உங்கள் உத்தியோகம். பந்தயத்துக்குச் சற்று முன்பு உங்கள் சன்னலுக்கு ஓடிவந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நாடா அறுந்திருக்கவில்லை, முகம்தான் வெளிறியிருந்தது. நீங்கள் ஏன் என்று கேட்டதில்லை. புது நாடாவைக் கொடுத்துக் கட்டச் சொல்வீர்கள். கட்டியதும், "சரியா இல்ல, அவுத்துட்டு மறுபடி கட்டு. அவசரமே இல்ல" என்பீர்கள். மூன்றாம் முறை கட்டும்போது விரல் நடுக்கம் அடங்கும். "பயமா இருக்கும்மா" என்று வாய் திறப்பார்கள். "இருக்கட்டுமே. பயத்தையும் கூட்டிக்கிட்டு ஓடு. அது என்ன, தனிப் பாதையா கேக்குது?" என்பீர்கள். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போனவர்கள் எத்தனை எத்தனை பேர்! தோற்று வந்தவர்களிடமும் அதே முகத்தோடுதான் காலணியைத் திரும்ப வாங்கினீர்கள்.

இம்மேடையில் இருப்பவர்களோ பிள்ளைகளின் பயத்தைப் போக்க அரைநாள் சொற்பொழிவு நடத்தினார்கள்; பதாகை கட்டினார்கள்; படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலையே வழக்கம்போல் "வாக்கு வரிசை"! ஒவ்வொரு பிள்ளையும் எல்லோர் முன்னும் நின்று, இன்று இத்தனை நொடியில் ஓடுவேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னபடி ஓடாவிட்டால் அடுத்த நாள் அதே இடத்தில் நின்று காரணம் சொல்ல வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைகள், ஐயாமார்களே! எந்த ஊர் நியாயம் இது?

சென்ற மாதம் அந்த வரிசையில், நானூறு மீட்டர் ஓடும் பெண்ணுக்கு மூச்சு முட்டியது. நேரத்தைச் சொல்லும் முன்பே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நடிக்கிறா. எழுந்து நின்னு நேரத்தச் சொல்லச் சொல்லுங்க" என்றார் தலைமைப் பயிற்சியாளர். துணைப் பயிற்சியாளர்களான நாங்கள் அறுவரும் மரம் மாதிரி நின்றோம். நீங்கள்தான் பொருள் அறையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடிவந்து, அவள் எதிரே தரையில் அமர்ந்து, காலணி நாடாவைத் தளர்த்தினீர்கள். "ஓடுன்னும் சொல்லல, ஓடாதேன்னும் சொல்லல. மூச்ச மட்டும் மெதுவா வெளிய விடு கண்ணு. நான் இங்கதான் இருக்கேன்" என்றீர்கள்.

அதற்குக் கிடைத்த பரிசு ஒரு குற்றக் குறிப்பாணை. பொருள் அறையைப் பூட்டாமல் சென்றீர்களாம்! அதில் சாட்சிக் கையெழுத்திட்டவர்கள் நாங்கள். அறை திறந்திருந்தது உண்மைதானே என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டோம். வேலை போய்விடுமோ என்று பயந்தோம், அம்மா. விடிந்தால் பிள்ளைகளைப் பயப்படாதே என்று அதட்டுகிற நாங்கள்! சீ, சொல்லவே நாக்கூசுகிறது. உங்கள் பணிப் பதிவேட்டில் இருக்கும் ஒரே கறை எங்கள் கையால் விழுந்தது.

நீங்கள் சன்னலில் இருக்கும் தைரியத்தில்தான் அந்தப் பெண் இன்னும் பயிற்சிக்கு வருகிறாள். நாளை நீங்கள் இல்லை. நாளைதான் அவளுக்குப் பந்தயம். காலை ஆறு மணி வாக்கு வரிசையில் அவளே முதலில் நின்று சொல்ல வேண்டும் என்று இன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.

அம்மா, நோயின்றி, நோவின்றி, நிறைந்த மனத்தோடு நெடுங்காலம் வாழுங்கள்! நேரம் கழித்து எழுந்திருங்கள். நாளைக் காலையிலும் அவளை நினைத்துத் தவிக்காமல் தூங்குங்கள். சன்னலில் எங்களில் ஒருவர் நாடாவோடு இருப்பார். வரிசைக்குப் பிள்ளைகளை விசில் ஊதி அழைப்பது எங்கள் வேலை. நாங்கள் ஊதாமல் வரிசை தொடங்காது. எங்கள் ஆறு விசில்களையும் கயிற்றோடு இம்மடலின் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து ஆணியடித்துவிட்டோம். உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளுங்கள்.

தலைகுனிந்து,
துணைப் பயிற்சியாளர்கள் அறுவர்