ஒன்பதாம் நம்பர் ரேடியோ

— அந்த ஆரஞ்சு பட்டனை விடாம அமுக்கிப் பிடி மிஓக்! தட்டிட்டுக் கையை எடுத்தா எப்படி மெனு வரும்?

— பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் நாம்குங் சார். இந்த ஜீப் ரேடியோவுல பேசத் தெரியும், கேக்கத் தெரியும். மத்ததெல்லாம் யார் சொல்லிக் குடுத்தா?

— பதினோரு வருஷம் சைட் ஆபீஸ்ல உக்காந்திருக்கே. என்னத்தைத்தான் பண்ணினே?

— எல்லா மாடிக்கும் சொல்றேன், தாக் பேசுறேன், கிரேன் மேலருந்து. ஏறி உக்காந்து இன்னைக்கு ரெண்டாவது நாள். கிரேன் ஏணியில போல்ட் கழண்டுதான் போன மாசம் நம்ம கூட வேலை செஞ்ச ஹா விழுந்தாரு. இடுப்பு போச்சு. ஏணி நல்லாத்தான் இருக்கு, ஹாதான் கவனமில்லாம விழுந்தாருன்னு மேனேஜர் நாம்குங் ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாரு. அதை மாத்தி எழுதுற வரைக்கும் இறங்க மாட்டேன்.

— கேட்டியா? மணிக்கு ஒரு தரம் ஓதுறான். இவன் வாயைத் திறந்தா கம்பி கட்டுறவன், கான்கிரீட் ஊத்துறவன் எல்லாம் கையைக் கட்டிக்கிட்டு அண்ணாந்து பாக்குறான். இங்கேருந்தே அவன் ரேடியோவை அணைக்கலாம்னு ரேடியோ வித்த கடைக்காரன் சொன்னான். லிஸ்டுல அவன் நம்பரை எடு.

— தாக் அண்ணன்... ஒன்பது. எடுத்தாச்சு. நாலு வரி வருது.

— முதல் வரியைத் தொடாதே.

— தொட்டுட்டேன்.

— என்னது இது, ஊளை?

— காத்து சார். அவர் மைக்கை நாம இங்கேருந்து திறந்துட்டோம் போல. அவருக்குத் தெரியாது. இருமுறார் பாருங்க. ராத்திரி பூரா இஞ்சோன் கடல் காத்து.

— நான் என்ன டாக்டரா? அதுலேருந்து வெளிய வா! இது ரேடியோவா, கிம்ச்சி ஊறுகா வைக்கிற ஃபிரிட்ஜா? திறந்து திறந்து பாக்குறே!

— வந்துட்டேன். 'தற்காலிகமா நிறுத்து', 'நிரந்தரமா முடக்கு'. எது சார்?

— நிரந்தரமா.

— தற்காலிகம்னா நாமளே திரும்ப உயிர் குடுக்கலாம். இன்னொண்ணுன்னா பேசவும் முடியாது, கேக்கவும் முடியாது. செஞ்ச கம்பெனிக்குத்தான் அனுப்பணுமாம்.

— உன்னைப் படிக்கச் சொன்னேனா? அமுக்குன்னேன்.

— பாஸ்வேர்டு கேக்குது.

— நாலு பூஜ்யம்! எல்லாத்துக்கும் நாலு பூஜ்யம்தான்!

— தாக் பேசுறேன். இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். ஹாவோட சம்சாரம் நேத்து ஆஸ்பத்திரியிலேருந்து நேரா இங்க வந்து...

— என்ன, பாதியில நின்னுடுச்சு?

— முடங்கிடுச்சு சார். நீங்க சொன்னதுதான்.

— அப்பாடா! இப்பத்தான் காதுக்கு... இரு, போன். ஹலோ, டைரக்டர் ஐயா! அடக்கிட்டேங்கய்யா... என்னது? மாத்தி எழுதிடலாமா? சரிங்கய்யா. டிவிக்காரங்களா? அரை மணியிலயா? இல்லங்கய்யா, என் வேலையை மட்டும்... இதோ இறக்கிடுறேன்.

— என்னவாம்?

— அவன் கேட்டதுக்குத் தலைமை ஆபீஸ் ஒத்துக்கிச்சு. டிவிக்காரன் வரும்போது அவன் தரையில நிக்கலன்னா, நாளைக்கு நான் வேலைக்கே வர வேண்டாமாம். கூப்பிடு அவனை! இறங்கச் சொல்லு!

— எதுல சார்?

— எதுலன்னா... திரும்ப உயிர் குடு அதுக்கு!

— 'நிரந்தரமா' சார்.

— போன் போடு!

— அவர் போன் நேத்தே சார்ஜ் தீந்து செத்துப் போச்சு.

— ஹாரன் அடி! நான் கீழே நின்னு கையை ஆட்டுறேன்!

— அறுபது மீட்டர் சார். நேத்தும் ஹாரன் அடிச்சுக் கையை ஆட்டித்தானே திட்டினீங்க. இன்னைக்கும் திட்டுறீங்கன்னுதான் நினைப்பார். யாராவது மேல போய்ச் சொன்னாத்தான் உண்டு.

— கம்பி கட்டுறவன் எவனையாவது ஏத்து.

— ரெண்டு நாளா மணிக்கு ஒரு தரம் போல்ட் கதையைக் கேட்டவங்க சார். ஒருத்தர்கூட ஏணியில காலை வைக்க மாட்டாங்க. நீங்களே ஏறிடுங்க. ஒரு பத்து நிமிஷம்.

— உனக்கென்ன பைத்தியமா? அந்த ஏணியில மனுஷன் ஏறுவானா?