பன்னெண்டு மணி ஜெபம்

வேண்டாம் சம்பந்தியம்மா, தண்ணியெல்லாம் வேண்டாம். பஸ்ஸை விட்டு இறங்கி நேரா இங்கதான் வர்றேன். நான் வந்திருக்கறது பொண்ணைப் பெத்த என் தங்கச்சிக்கே தெரியாது. சம்பந்தியம்மான்னு பழக்கத்துல கூப்பிட்டுட்டேன், இன்னும் அப்படிக் கூப்பிடலாமோ என்னமோ. ஈஸ்டர் கழிச்சு வெச்ச கல்யாணத்தைக் கொஞ்ச நாள் தள்ளிக்கலாம்னு நீங்க சொல்லி அனுப்பினா, அதுக்கு என்ன அர்த்தம்னு எங்களுக்குப் புரியாதா? ஐயோ, உங்களைக் குத்தம் சொல்லலைங்க. உங்க எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.

சரி, உக்காந்துக்கறேன். மொதல்லேருந்து சொன்னாத்தான் சரியா வரும்.

தினமும் காலைப் பூசையில மொத வாசகம் நான்தானே வாசிக்கறேன். பூசை முடிஞ்சதும் நாங்க கொஞ்சம் பொம்பளைங்க சேந்து உக்காருவோம். அன்னிக்கு எந்தப் புனிதரோட நாளோ அவர் கதையை நான் சொல்லுவேன். அப்புறம் ஆளுக்கொரு வேண்டுதல் சொல்லி ஜெபிப்போம். எனக்குத் தேதி மறந்தாலும் மறக்கும், புனிதர் மறக்க மாட்டார். தையல் கடையில யாராவது துணி எப்பக்கா கிடைக்கும்னா, சூசையப்பர் திருநாளுக்கு வந்து வாங்கிக்கன்னு சொல்லிடுவேன். அவங்க திருதிருன்னு முழிப்பாங்க.

சிரிச்சிட்டீங்க. சிரிங்க, எனக்கும் கொஞ்சம் தைரியம் வருது.

இந்த பிப்ரவரி இருக்கே, அது நோயாளிங்க மாசம். தொண்டைக்குப் பிளாசியார். சாமியார் ரெண்டு மெழுகுவர்த்தியைக் கழுத்துல வெச்சு மந்திரிப்பாரே, அன்னிக்குத்தான். பல்லுக்கு அப்போலோனியா. அப்புறம் லூர்து மாதா, அவங்க எல்லா வியாதிக்கும். பதினாலாந்தேதி வாலண்டைன். சின்னப் பசங்க அவரைக் காதலுக்குன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க. பூசைப் புத்தகத்துல அன்னிக்கு சிரில், மெத்தோடியுஸ்னுதான் போட்டிருக்கும். ஆனா நான் வாலண்டைனை விட மாட்டேன். வலிப்புக்காரங்களுக்கு அவர்தான் பாதுகாவலர்.

ஆமாங்க. அந்த வார்த்தைதான் உங்க காது வரைக்கும் வந்திருக்கு.

அந்தப் பதினாலாந்தேதி என் முறை வந்துச்சு. வலிப்பு குணமாகணும்னு வேண்டுதல் சொன்னேன். அதோட விட்டிருந்தா ஒண்ணுமில்லை. எங்க கூட்டத்துல ஒருத்தி இருக்கா, மைக்கக்கான்னு பேரு, அவ வாய்க்குத் தனியா மைக்கு தேவையில்லை. யாருக்குன்னு சொல்லுங்கக்கா, ஆள் தெரிஞ்சாத்தானே உருகி ஜெபிக்க முடியும்னா. எல்லாரும் என் மூஞ்சியையே பாக்கறாங்க. தங்கச்சி பொண்ணுக்குன்னு சொல்லிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னா என்னத்தைச் சொல்ல? அவ கல்யாண கவுனுக்கு லேஸ் வெச்சுத் தெச்சுக்கிட்டு இருந்தேன். நெனப்பெல்லாம் அவ மேலயே இருந்துச்சு, நாக்கும் அங்கயே போயிடுச்சு. தெரிஞ்சவங்கன்னு சொல்லியிருக்கலாம். பக்கத்து வீட்டுல ஒருத்தின்னு சொல்லியிருக்கலாம். அத்தனை பேரும் கண்ணை மூடி, பாவம் அந்தப் பொண்ணுன்னு ஜெபிக்கறாங்க, நானும் கூடச் சேந்து ஆமென் சொல்றேன். நெனச்சாலே உடம்பு கூசுது சம்பந்தியம்மா.

இல்லைங்க. அவளுக்கு அது இல்லவே இல்லை.

நீங்க நம்ப மாட்டீங்கன்னு தெரியும். காரியம் கெட்டதும் ஓடி வந்து பூசி மெழுகறான்னுதான் தோணும். உள்ளதைச் சொல்லணும்னா, பஸ்ஸுல வரும்போது பொய்யைத்தான் தயார் பண்ணிக்கிட்டு வந்தேன். மைக்கக்கா கயிறு திரிச்சுட்டா, நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு அடிச்சுப் பேசிடலாம்னு. இன்னிக்குக் காலையில வாசகம் பைபிள்ல லேவியர் புத்தகம். ஒருத்தரையொருத்தர் ஏமாத்தாதீங்க, கண்ணு தெரியாதவன் வழியில எதையும் போட்டுத் தடுக்காதீங்கன்னு வரும். அந்த எடத்துல மேல வாசிக்க முடியாம நிறுத்திட்டேன். என்னாச்சும்மான்னு சாமியார் கேட்டார். சளி சாமின்னேன். பீடத்துக்குப் பக்கத்துல நின்னுகிட்டு அங்கயும் ஒரு பொய்.

பொண்ணா? அவளைப் பத்திச் சொல்லத்தானே வந்தேன். நீங்க அனுப்பின சேதி வந்ததும் என் தங்கச்சி அவளைப் பிடிச்சு உலுக்கிட்டா. எப்படி எங்கிட்ட மறைச்சே, பெரியம்மாகிட்ட மட்டும் எப்படிச் சொன்னேன்னு. நான் அங்கயே நிக்கறேன். அவ என்னை ஒரு தடவை நிமிந்து பாத்தா. எனக்கு உயிரே போயிடுச்சு. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, எனக்கு ஒண்ணும் இல்லம்மான்னா. அவ்வளவுதான். உங்க பையன் மேல உசுரையே வெச்சிருக்கற பொண்ணு, வேற ஒரு வார்த்தை பேசலை.

மணி அடிக்குதுங்களா? உங்க பக்கத்துக் கோயில்தானே? பன்னெண்டாயிடுச்சா அதுக்குள்ள?

இந்த மணி கேட்டா நான் நிக்க மாட்டேன். கடையில யாரு காத்துக்கிட்டு இருந்தாலும் திரையை இழுத்துவிட்டு உள்ள போயிடுவேன். மூவேளை ஜெபம் தவற மாட்டா, என்னா பக்தின்னு ஊரே மெச்சும். நீங்களும் பொண்ணு பாக்க வந்த அன்னிக்குச் சொன்னீங்க, இப்படி ஒரு பெரியம்மாகிட்ட வளந்த பொண்ணுன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்னு.

அந்தத் தண்ணியை இப்பக் குடுங்க. மாத்திரை போடணும்.

திரைக்கு உள்ள நான் பண்ற பன்னெண்டு மணி ஜெபம் இதுதான். அட்டையை வெச்சுக்கங்க, உங்களுக்குத் தெரிஞ்ச டாக்டர் யாருகிட்டயாவது காமிச்சுக் கேட்டுக்கங்க. வலிப்புக்குத்தான். எனக்குத்தாங்க. சின்ன வயசுல துணிக் கம்பெனியில வேலை பாத்தப்போ படியில உருண்டு தலையில அடிபட்டுச்சு, அப்போலேருந்து இருக்கு. வருஷா வருஷம் வாலண்டைனுக்கு நான் ஜெபிக்கறதும் எனக்குத்தான். தெரிஞ்சா பேய் பிடிச்சிருக்குன்னுவாங்க, வாசகம் வாசிக்க விட மாட்டாங்கன்னு பயம். அந்தப் பயத்தைத் தூக்கிச் சின்னப் பொண்ணு தலையில வெச்சுட்டேன். இந்தக் கைத்தழும்பைப் பாத்து என்னான்னு பொண்ணு பாக்க வந்தப்போ கேட்டீங்களே, வலிப்பு வந்து இஸ்திரிப் பெட்டி மேல விழுந்தது. விழுந்த அன்னிக்கு என்னை ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு வாயைத் துடைச்சுவிட்டது அவதான். யாருகிட்டயும் சொல்லிடாதடின்னு கெஞ்சினேன். கல்யாணமே கைய விட்டுப் போகுதுன்னு தெரிஞ்சும் அவ சொல்லலையே.

நாளைக்குப் பூசை முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் நானே சொல்லிடறேன். மைக்கக்கா இருப்பா, மத்தது அவ பாத்துக்குவா.

தம்ளரைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க சம்பந்தியம்மா. பயப்படாதீங்க, கை நடுங்கறது வலிப்பு இல்லை. வெக்கம்.